நம் பாடற்குழுவின் வயலினும் அதன் மெருகும்



யூபிலி விழாவிற்கென ஆலயச் சுவர்களுக்கு வெள்ளையடித்தோம். பழைய பெஞ்சுகளுக்கெல்லாம் வார்னிஷ் பூசினோம். அவ்வேலையின் நடுவே விழாக்குழுப் பெரியவர் ஒருவர், "சாமி, பாடற்குழு வயலினுக்கும் ஒரு கோட்டு அடித்துவிடலாமே! ஆசாரியும் இங்கேயே இருக்கிறார்" என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். நான் வேண்டாமென்றேன். காரணம் சொல்ல அன்று நேரமில்லை. ஆதலால் இம்மலரில் சில பக்கங்களை எடுத்துக்கொள்கிறேன்.

வயலின் மேனாட்டிலிருந்து வந்த கருவி. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், சென்னையையடுத்த மணலியில் குடும்பத்தோடு தங்கியிருந்த நாட்களில், ஐரோப்பியர் ஒருவரிடம் அதைக் கற்று நம் இசைக்கு இணங்க வைத்தார். தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் தந்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார். நம் திண்டுக்கல்லுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதர், இளமையில் ஆசிரியப் பயிற்சிக்கென வந்து தங்கியதும், வயலின் பழகியதும் இவ்வூரிலேதான்.

இனி, மெருகுக்கு வருவோம். இத்தாலி நாட்டுக் கிரெமோனா நகரில் 1737-இல் மறைந்த அந்தோனியோ ஸ்திராதிவாரியின் வயலின்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவருடைய மெருகில் ஏதோ மறைபொருள் கலந்திருப்பதாக மேனாட்டார் நெடுங்காலம் பேசிவந்தனர். பாரீஸ் இசை அருங்காட்சியகத்திலுள்ள அவருடைய ஐந்து கருவிகளை அறிவியலார் ஆராய்ந்து 2009-இல் முடிவை வெளியிட்டனர். கண்டது என்ன? ஓவியர்கள் பயன்படுத்தும் வகையான உலரும் எண்ணெய், பைன் மரப் பிசின், சிறிது செந்நிறப் பொடி, அவ்வளவே! 1716-இல் அவர் செய்த 'மெசியா' என்னும் வயலின் இன்று ஆக்ஸ்போர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் மெருகு ஏறக்குறைய புதிதாகவே விளங்குகிறதாம். வாசித்தவர்கள் மிகக் குறைவு என்பதே அதற்குக் காரணம். (வாசிக்கப்படாத வயலினுக்கு அந்தப் பெயர் எதற்கு என்று கேட்காதீர்கள். அதை வைத்திருந்த வணிகர் வாயாரப் புகழ்வாரேயன்றி, கொண்டுவந்து காட்டியதேயில்லை. வருவார் வருவார் என்று காத்திருக்கும் மெசியாவைப் போலத்தான் அதுவும் என்று ஒருவர் கேலி பேசினாராம்.)

பிற்காலத்தில் எண்ணெய் மெருகுக்குப் பதிலாக, அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் முறை பெரிதும் பரவியது. எண்ணெய் உலர நாட்கள் பலவாகும். ஸ்பிரிட்டோ விரைவில் ஆறிவிடும். அந்த அரக்கு நம் நாட்டுச் சரக்கு. சோட்டாநாகபுரிக் காடுகளில் புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் சிறு பூச்சிகள் சுரப்பது. நம் பாடற்குழு வயலினும் இவ்வகை மெருகு பூசியதே.

ஸ்பிரிட்டில் கரைந்த அரக்கு, உலர்ந்த பின்னும் ஸ்பிரிட் பட்டால் மறுபடியும் கரையும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் ஆலய வாசலில் கைகழுவும் சானிடைசர் வைத்திருந்தோமல்லவா? அதில் பெரும்பங்கு ஆல்கஹால்தான். ஈரம் உலருமுன் அதே கையால் வயலினை எடுத்து நகர்த்தி வைத்தேன். மறுநாள் பார்த்தால், தோளருகே வெண்மையாக ஒரு தடம்! ஐந்து விரல்களையும் எண்ணலாம். ஆக, ஸ்பிரிட், செண்ட், ஓடிகொலோன், வீட்டு மேசைக்கான பாலிஷ் எதுவும் வயலின் அருகே வரவே கூடாது.

வில்லில் தேய்க்கும் ரோசினும் பைன் பிசினே. மெருகும் பிசின், ரோசினும் பிசின், இரண்டும் உறவுக்காரர்கள். தந்திகளுக்கடியில் படியும் அந்த வெண்பொடியை அன்றன்றே துடைக்காவிட்டால், நம் சித்திரை வெயிலில் இளகி மெருகோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு சுரண்டினால் மெருகும் சேர்ந்தே வரும். ஆதலால் வாசித்து முடித்தவுடன் உலர்ந்த மென்துணியால் துடைத்தாலே போதும். நாகல் நகரில் துணிக்கா பஞ்சம்? கஞ்சி போகப் பலமுறை துவைத்த கைத்தறி வேட்டித் துண்டே தக்கது. வியர்வையில் உப்பும் அமிலமும் உண்டு. விரல் வழுக்கிச் செல்வதற்காகத் தேங்காயெண்ணெய் தொட்டுக்கொள்ளும் வழக்கமும் நம்மிடம் உண்டு. இரண்டையும் உடலில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெயிலில் நிற்கும் வேனுக்குள் பெட்டியை விட்டுச் சென்றால் மெருகு இளகி, பெட்டியின் வெல்வெட்டு அதில் பதிந்துவிடும்.

பெரியவர் சொன்ன புது வார்னிஷ் ஏன் வேண்டாம் என்பதற்கு வருகிறேன். வயலினின் மேற்பலகை ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் கனமே. அது அதிர்ந்துதான் ஒலி பிறக்கிறது. மெருகு மெல்லிய தோல் போல இருந்து வியர்வையையும் அழுக்கையும் தடுக்க வேண்டுமேயன்றி, கம்பளிபோல் போர்த்துக்கொள்ளலாகாது. பெஞ்சுக்கு அடிக்கும் வார்னிஷ் பெஞ்சுக்கு நல்லது. அமர்பவர் எடையைத் தாங்க வேண்டும். அதைக் கனமாக வயலினில் பூசினால் பலகை பளுவேறி, ஒலி மங்கும். பூசுமுன் உப்புத்தாளால் தேய்ப்பார்கள். அப்போது போகும் பழைய மெருகை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது. தேய்ந்த இடங்களைக் குறையென்று எண்ணுகிறோம். அவை இத்தனை ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கையும் கன்னமும் பட்ட இடங்கள்.

எனவே விழாத் திருப்பலியில் வயலின் பழைய மேனியோடுதான் ஒலிக்கும். வெடிப்போ பிளவோ கண்டால் வயலின் பழுதுபார்க்கத் தெரிந்தவரிடமே கொடுப்பதென்று பாடற்குழுவில் பேசி முடித்திருக்கிறோம். அந்த வெண்தடத்தையும் அழிக்க முயலவில்லை. அதைச் "சாமி கை" என்று பிள்ளைகள் பெயரிட்டுவிட்டார்கள். துடைக்கும்போது அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.