ஜெனரல் ஸ்மட்ஸும் ஒரு ஜோடிச் செருப்பும்

மஹாத்மா காந்தியின் சரித்திரத்தைப் படித்தவர்களுக்கு ஜெனரல் ஸ்மட்ஸ் என்ற பெயர் பழக்கமானதே. தென்னாப்பிரிக்காவில் காந்திஜியைச் சிறையில் அடைத்தவர் என்ற அளவில் நாம் அவரை விட்டுவிடுகிறோம். அவருடைய வாழ்க்கை முழுவதையும் பார்த்தால், நாம் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று அதில் இருக்கிறது.

யான் கிறிஸ்டியான் ஸ்மட்ஸ் 1870-ம் ஆண்டு மே 24-ம் தேதி கேப் காலனியில், போயர்கள் எனப்படும் டச்சு வம்சாவளியினரின் விவசாயக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் சட்டம் பயின்று முதன்மையாகத் தேறினார். 1898-ல், 28 வயதிலேயே, டிரான்ஸ்வால் என்ற போயர் குடியரசின் அரசு வழக்கறிஞரானார். அடுத்த ஆண்டே பிரிட்டனுடன் போர் மூண்டது. வக்கீல் போர்வீரரானார். 1901-ல் ஒரு சிறு குதிரைப்படையுடன் கேப் காலனிக்குள் புகுந்து, பிரிட்டிஷ் சேனைக்குப் போக்குக் காட்டினார். 1902-ல் போயர்கள் தோற்றனர்.

அந்நிய ஆதிக்கத்தின் வேதனையை இப்படி அனுபவித்து அறிந்தவர், 1907-ல் டிரான்ஸ்வால் அமைச்சரானதும் இந்தியர்களுக்கு என்ன செய்தார்? கைரேகை பதித்துப் பதிவுச் சீட்டு வாங்க வேண்டும் என்ற சட்டத்தை அவர்கள் மீது அமல்படுத்தினார். 1908 ஜனவரியில், சிறையிலிருந்த காந்திஜியை பிரிட்டோரியாவுக்கு வரவழைத்துப் பேசினார். இந்தியர்கள் தாமாகவே பதிவு செய்துகொண்டால் சட்டம் ரத்தாகும் என்று காந்திஜி நம்பினார். ரத்தாகவில்லை. ஆகஸ்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் தீயிலிடப்பட்டன.

போராட்டம் 1914 வரை நீடித்தது. சிறை சென்றவர்களில் தமிழர்கள் முன்னணியில் நின்றனர். சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாட்களில் மறைந்த தில்லையாடி வள்ளியம்மைக்கு வயது 16தான். அவ்வாண்டு ஒப்பந்தம் ஏற்பட்டது. கூலிகளாக வந்தவர்கள் மீதிருந்த மூன்று பவுன் வரி நீங்கியது. இந்தியத் திருமணங்கள் செல்லுபடியாயின. ஜூலையில் கப்பலேறுமுன் காந்திஜி, தம் கையால் செய்த ஒரு ஜோடிச் செருப்பை ஸ்மட்ஸுக்குப் பரிசளித்தார்.

பின்னர் ஸ்மட்ஸ் பிரதமரானார். 1921-ல் லண்டனில் நடந்த பேரரசு மாநாட்டில், டொமினியன்களில் வாழும் இந்தியர்களுக்குக் குடியுரிமை வேண்டுமென வலங்கைமான் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் வாதாடினார். மற்ற டொமினியன்கள் இசைந்தன. தென்னாப்பிரிக்கா மட்டும் இசையவில்லை.

1939-ல், காந்திஜியின் 70-வது பிறந்த நாளுக்காக டாக்டர் ராதாகிருஷ்ணன் தொகுத்த நூலில் ஸ்மட்ஸும் எழுதினார். பல கோடைகாலங்களில் அந்தச் செருப்பை அணிந்திருந்ததாகவும், அதில் கால் வைக்கத் தமக்குத் தகுதியில்லை என்று உணர்வதாகவும் குறிப்பிட்டார். செருப்பையும் திருப்பி அனுப்பினார்.

1945-ல் ஐக்கிய நாடுகள் சாசனத்தின் முகவுரையை உருவாக்குவதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. மனித உரிமை பற்றிப் பேசும் முகவுரை அது. அடுத்த ஆண்டே, இந்தியர்கள் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை அவர் அரசு இயற்றியது! இந்தியா ஐ.நா.வில் முறையிட்டது, விஜயலக்ஷ்மி பண்டிட் வாதாடினார், சபை இந்தியாவின் பக்கம் நின்றது. 1948 தேர்தலில் இன ஒதுக்கல் கட்சியிடம் தோற்ற ஸ்மட்ஸ், 1950 செப்டம்பர் 11-ல் காலமானார்.

செருப்பைப் போற்றியவர், அதைச் செய்தவரின் மக்களுக்குச் சம உரிமை தரவில்லை. ஒருவரை மதிக்கிறோம் என்று சொல்வது எளிது. நமக்குச் சமமாக உட்கார இடம் கொடுப்பதே கடினம். இந்தப் பாடம் ஸ்மட்ஸுக்கு மட்டும் உரியதல்ல.