பிளாப்பியாக நடித்த பென்டிரைவ்

இயங்குதளம் இல்லாத கணினிக்குக் கோப்புகளைப் படிக்கத் தெரியாது. ஆனால் இயங்குதளமே கோப்புகளாகத்தான் வருகிறது. இந்த முடிச்சை அவிழ்க்கும் வேலை மதர்போர்டில் பதிந்திருக்கும் பயாஸ் என்ற சிறு நிரலுடையது. 1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யில் அந்த நிரல் செய்தது மிக எளிய காரியம்: பிளாப்பியின் முதல் செக்டாரில் உள்ள 512 பைட்டை நினைவகத்தில் ஏற்றி, பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். மீதியை அந்த 512 பைட்டே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பி.சி. டாஸின் முதல் பதிப்பு 160 கிலோபைட் கொள்ளும் ஒரே பிளாப்பியில் அடங்கியது. அதைச் செருகி மின்சாரம் கொடுத்தால் கணினி ஓடும். நிறுவுதல் என்று தனியாக ஒரு வேலை கிடையாது. 1983இல் பி.சி. எக்ஸ்.டி. 10 மெகாபைட் ஹார்ட்டிஸ்குடன் வந்த பிறகே, பிளாப்பியில் இருப்பதை ஹார்ட்டிஸ்குக்கு மாற்றி அங்கிருந்து இயங்கத் தொடங்க, அதாவது பூட் ஆகச் செய்யும் வேலை பிறந்தது. அதே ஆண்டு டாஸ் 2.0 ஹார்ட்டிஸ்கின் முதல் செக்டாருக்கு ஓர் அமைப்பைக் கொடுத்தது: 446 பைட் நிரலுக்கு, 64 பைட் பகுப்பு அட்டவணைக்கு, 2 பைட் அடையாளத்துக்கு. ஒரு ஹார்ட்டிஸ்கில் நான்கு முதன்மைப் பகுப்புகளுக்கு மேல் கூடாது என்று பல ஆண்டுகள் நீடித்த கட்டுப்பாடு அந்த 64 பைட்டிலிருந்து வந்ததுதான்.

இயங்குதளங்கள் பெருத்தன, பிளாப்பி 1.44 மெகாபைட்டிலேயே நின்றுவிட்டது. 1993 ஜூலையில் வந்த ஸ்லாக்வேர் லினக்ஸின் முதல் பதிப்பு 24 பிளாப்பிகளை நிரப்பியது. 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95ஐ, ஒவ்வொரு பிளாப்பியிலும் 1.68 மெகாபைட் திணித்தும் 13 பிளாப்பிகளில்தான் அடக்க முடிந்தது. அவற்றில் ஒன்றில் ஒரு செக்டார் கெட்டிருந்தாலும் நிறுவல் நடுவழியில் நின்றுவிடும்.

650 மெகாபைட் கொள்ளும் சி.டி. இதற்குத் தீர்வாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பயாஸுக்கு சி.டி.யைத் தெரியாது. விண்டோஸ் 95 சி.டி.யை வாங்கியவருக்கும், காலி ஹார்ட்டிஸ்க் என்றால், ஒரு பூட் பிளாப்பி தேவைப்பட்டது, சி.டி. டிரைவை இயக்கும் டிரைவர் அதில் இருந்துதான் ஏற வேண்டும். 1995 ஜனவரியில் ஃபீனிக்ஸ் டெக்னாலஜீஸும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து வெளியிட்ட எல் டொரிட்டோ விதிமுறை இதற்கு வழி கண்டது. கலிபோர்னியாவில் இருந்த ஒரு மெக்சிகன் உணவகத்தின் பெயர் அது. சி.டி.க்குள் ஒரு பிளாப்பியின் முழு நகலையும் ஒரு கோப்பாக வைத்துவிடுவார்கள். பயாஸ் அதை எடுத்து, உண்மையான பிளாப்பி செருகப்பட்டிருப்பதாகவே மற்ற நிரல்களுக்குக் காட்டும். வேடமில்லாமல் நேராகப் பூட் ஆகும் முறைக்கும் அந்த விதிமுறையில் இடம் இருந்தது. எனினும் புதிய சாதனம் பழைய சாதனமாக நடித்து உள்ளே நுழையும் வழக்கம் இங்கே வலுவாக வேரூன்றியது. பென்டிரைவின் கதையும் பெரும்பாலும் இதுவே.

சி.டி. காலம் ஏறத்தாழ 15 ஆண்டுகள் நீடித்தது. கிளவுஸ் கினாப்பர் 2000இல் வெளியிட்ட கினாப்பிக்ஸ், ஹார்ட்டிஸ்கைத் தொடாமல் சி.டி.யிலிருந்தே முழு லினக்ஸையும் ஓட்டிக் காட்டியது. உபுண்டு தன் ஷிப்இட் திட்டத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் சி.டி.யை இலவசமாகத் தபாலில் அனுப்பியது. 2011இல்தான் அதை நிறுத்தியது. 700 மெகாபைட்டை டயல்-அப் இணைப்பில் இறக்க முடியாத இந்தியாவில் அந்தத் தபால் உறைகளுக்கும், 'லினக்ஸ் ஃபார் யூ' போன்ற இதழ்களோடு வந்த சி.டி.களுக்கும் இருந்த மதிப்பை இன்றைய தலைமுறைக்குப் புரியவைப்பது கடினம்.

பென்டிரைவ் இதற்குள் பிறந்துவிட்டிருந்தது. அதன் இரு வேர்களும் தனித்தனி: தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோக்கா உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகம் ஒன்று, 1996இல் வந்த யு.எஸ்.பி. இணைப்பு மற்றொன்று. இவ்விரண்டையும் சேர்த்தது யார் என்பதில் வழக்கு உண்டு. இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் 1999 ஏப்ரலில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. சிங்கப்பூரின் டிரெக் 2000 நிறுவனம் 2000இல் 'தம்ப்டிரைவ்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சீனாவின் நெட்டாக்கும் உரிமை கோரியது. எம்-சிஸ்டம்ஸின் சாதனத்தை ஐ.பி.எம். 2000ஆம் ஆண்டின் இறுதியில் 8 மெகாபைட் அளவில் விற்றது. ஐந்து பிளாப்பிக்கு மேல் கொள்ளும் என்பதே அன்று பெரிய செய்தி. ஆப்பிள் 1998இல் ஐமேக்கில் பிளாப்பி டிரைவைக் கைவிட்டிருந்தது. 2003இல் டெல் தன் கணினிகளில் அதைக் கட்டாயப் பாகமாக வைப்பதை நிறுத்தத் தொடங்கியது.

பென்டிரைவிலிருந்து பூட் செய்வது மட்டும் எளிதில் கைகூடவில்லை. அக்கால பயாஸ் திரையில் யு.எஸ்.பி.-எஃப்.டி.டி., யு.எஸ்.பி.-ஜிப், யு.எஸ்.பி.-எச்.டி.டி. என்று மூன்று தேர்வுகள் இருக்கும். பென்டிரைவ் பிளாப்பியாக நடிக்க வேண்டுமா, ஐயோமெகாவின் 100 மெகாபைட் ஜிப் டிரைவாகவா, ஹார்ட்டிஸ்காகவா என்பதுதான் கேள்வி. எந்த வேடத்துக்கு எந்த வடிவில் முதல் செக்டார் எழுதப்பட வேண்டும் என்பதில் பயாஸ் தயாரிப்பாளர்கள் ஒருமைப்படவில்லை. ஒரு கணினியில் உயிர்பெற்ற பென்டிரைவ் அடுத்த மேஜைக் கணினியில் கறுப்புத் திரையைக் காட்டும்.

நிலைமையை மாற்றியது ஒரு சிறிய மடிக்கணினி. 2007 அக்டோபரில் வந்த ஆசுஸ் ஈ பி.சி.யில் 7 அங்குலத் திரையும் ஃபிளாஷ் சேமிப்பும் இருந்தன, சி.டி. டிரைவுக்கு இடமே இல்லை. அதன் வழியில் பெருகிய நெட்புக்குகளுக்கு இயங்குதளம் போட வேண்டுமானால் பென்டிரைவைத் தவிர எளிய வழி கிடையாது. லினக்ஸ் உலகம் உடனே அசைந்தது. சி.டி.யின் முழுப் பிம்பமான ஐ.எஸ்.ஓ. கோப்பைப் பென்டிரைவுக்கு மாற்றித்தரும் யுநெட்பூட்டின் 2007இல் வந்தது, உபுண்டு 8.10இல் அதற்கான சொந்தக் கருவி சேர்ந்தது.

ஆனால் மிக அழகான தீர்வு ஐசோஹைப்ரிட்தான். சி.டி.யின் ஐ.எஸ்.ஓ. 9660 அமைப்பு முதல் 32 கிலோபைட்டை எதற்கும் பயன்படுத்தாமல் விட்டுவைக்கிறது. சிஸ்லினக்ஸ் என்ற பூட் நிரலைத் தொடங்கிய பீட்டர் ஆன்வினின் திட்டத்தில், அந்தக் காலி இடத்தில் ஹார்ட்டிஸ்குக்கு உரிய முதல் செக்டாரை எழுதிவைத்தார்கள். ஒரே கோப்பு, சி.டி.யில் எழுதினால் சி.டி.யாகவும் பென்டிரைவில் எழுதினால் ஹார்ட்டிஸ்காகவும் தெரியும். யுனிக்ஸில் பல காலமாக இருக்கும் டிடி என்ற ஒற்றைக் கட்டளையால் அதை அப்படியே கொட்டிவிடலாம். இலக்கின் பெயரில் ஓர் எழுத்து மாறினால் பென்டிரைவுக்குப் பதிலாகக் கணினியின் ஹார்ட்டிஸ்கே அழியும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. டிடி எச்சரிக்கை எதுவும் தராது.

விண்டோஸின் பாதை வேறு. எக்ஸ்பி.யின் நிறுவல் நிரல், கர்னல் ஓடத் தொடங்கியதும் யு.எஸ்.பி. கட்டுப்பாட்டியை மீட்டமைக்கும், அந்தக் கணமே தான் வந்த பென்டிரைவைத் தொலைத்து நீலத்திரையில் விழும். சாட்டா ஹார்ட்டிஸ்குக்கான டிரைவரைக்கூட எஃப்6 விசையை அழுத்தி, பிளாப்பியிலிருந்து மட்டுமே அது ஏற்கும். 2007இல் பரவலாக வந்த விஸ்டா இதைக் கடந்தது. அதன் நிறுவல் சூழல் ஒரே பிம்பக் கோப்பாக நினைவகத்தில் முழுதாக ஏறிவிடும் என்பதால், அதன்பின் பென்டிரைவ் சற்று நேரம் தொடர்பற்றுப் போனாலும் பாதகமில்லை. கோப்புகளை நகலெடுத்து பூட் செக்டாரை எழுதினால் போதும் என்ற நிலை வந்தது.

2009 அக்டோபரில் விண்டோஸ் 7 வெளியானபோது, ஐ.எஸ்.ஓ.வைப் பென்டிரைவில் ஏற்றும் கருவி ஒன்றை மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தந்தது. அடுத்த மாதமே அது திரும்பப் பெறப்பட்டது. ஜி.பி.எல். உரிமத்தில் உள்ள ஒரு கட்டற்ற நிரலின் வரிகள் அதற்குள் இருந்தது வெளிப்பட்டுவிட்டது. வெளியார் எழுதிக்கொடுத்த கருவி, தங்கள் பரிசோதனையில் தப்பிவிட்டது என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. டிசம்பரில் மூல நிரலோடு, அதே ஜி.பி.எல். உரிமத்தின்கீழ் கருவி மீண்டும் வந்தது. லினக்ஸ்காரர்கள் இதை வெகுநாள் ரசித்தார்கள். இதே வேலையைச் செய்யும் பீட் படார்டின் ரூஃபஸ் 2011 டிசம்பரில் வெளியாகி, பல கணினிக் கடைக்காரர்களுக்கு அன்றாடக் கருவியாயிற்று. ஆப்பிள் 2011இல் ஓ.எஸ். எக்ஸ் லயனை இணையத்தில் விற்றதோடு, 69 டாலருக்குப் பென்டிரைவிலும் விற்றது. 2015இல் விண்டோஸ் 10இன் கடைப்பெட்டிக்குள் இருந்ததும் பென்டிரைவே.

வேடம் கலைந்தது, பயாஸுக்கு மாற்றான யு.இ.எஃப்.ஐ. வந்த பிறகு. இட்டானியம் கணினிகளுக்காக இன்டெல் 1990களில் தொடங்கிய இந்த முயற்சி, 2005இல் பல நிறுவனங்களின் பொது அமைப்பின்கீழ் வந்தது. இது முதல் செக்டாரை நம்பி ஓடுவதில்லை. ஃபேட் கோப்பு முறைமையைத் தானே படிக்கத் தெரிந்தது. பென்டிரைவில் இஎஃப்ஐ என்ற அடைவு, அதற்குள் பூட் என்ற அடைவு, அதில் விதித்த பெயருடைய ஒரு கோப்பு இருந்தால் அதை எடுத்து ஓட்டிவிடும். ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்த பென்டிரைவில் கோப்புகளை இழுத்துப் போட்டாலே நிறுவல் பென்டிரைவ் தயார்.

இதற்கும் விலை இருந்தது. 2012இல் விண்டோஸ் 8உடன் பரவிய செக்யூர் பூட், கையொப்பமில்லாத பூட் கோப்பை ஓடவிடாது. லினக்ஸ் வெளியீடுகள் ஷிம் என்ற சிறு நிரலுக்கு மைக்ரோசாஃப்டிடம் கையொப்பம் வாங்கி அந்த வாசலைக் கடந்தன. ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டை எட்டக் கூடாது. விண்டோஸின் முதன்மை நிறுவல் கோப்பு அதைத் தாண்டியதும் கோப்பைத் துண்டுபோடவோ, இன்னும் இறுக்கிச் சுருக்கவோ நேர்ந்தது. ரூஃபஸ் வேறு உத்தியைக் கையாள்கிறது: கோப்புகளை என்.டி.எஃப்.எஸ். பகுப்பில் வைத்து, அதைப் படிக்கும் டிரைவரைப் பென்டிரைவின் கடைசியில் ஒரு குட்டி ஃபேட் பகுப்பில் ஒளித்துவைக்கிறது. 2020இல் வந்த வென்ட்டாய், பல ஐ.எஸ்.ஓ. கோப்புகளை ஒரே பென்டிரைவில் பிரிக்காமல் போட்டுவைத்து, பூட் ஆகும்போது வேண்டியதைத் தேர்ந்தெடுக்க வழி செய்தது. பென்டிரைவை ஒருமுறை தயார் செய்தால் போதும். புதிய பதிப்பு வரும்போது பழைய கோப்பை அழித்துவிட்டுப் புதியதை நகலெடுப்பதோடு வேலை முடிகிறது.