நிலம் போனது, குழு போகவில்லை: ரம்பலாரா கழகத்தின் கதை

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்ன் நகருக்கு வடக்கே ஏறக்குறைய 180 கிலோமீட்டர் தொலைவில் ஷெப்பர்டன் என்ற ஊர் இருக்கிறது. பழத்தோட்டங்களுக்கும், பழங்களை டின்னில் அடைக்கும் ஆலைக்கும் பேர் போன ஊர் அது. அந்த ஊரில் பூர்வகுடி மக்கள் தாங்களே தொடங்கித் தாங்களே நடத்திவரும் ஒரு விளையாட்டுக் கழகம் உண்டு. அதன் பெயர் ரம்பலாரா காற்பந்து, வலைப்பந்துக் கழகம்.

இந்தக் கழகம் 1997-ஆம் ஆண்டில்தான் வட்டார லீக்கில் இடம் பிடித்தது. ஆனால் அதன் வேர் நூறு ஆண்டுகளுக்கும் மேல் பின்னோக்கிப் போகிறது. ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு விரட்டப்பட்ட ஒரு சிறு சமூகம், போன இடமெல்லாம் தன் குழுவையும் தூக்கிக்கொண்டு போன கதை இது. தோட்டத்தை விட்டு வெளியேறிய அனுபவம் உள்ள நம்மவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. அந்தக் கதையின் தொடக்கத்தில் ஓர் இந்திய வம்சாவளி ஆசிரியரும் இருக்கிறார்.

அது என்ன காற்பந்து?

கழகத்தின் பெயரில் உள்ள காற்பந்து நாம் ஆடும் காற்பந்து அன்று. முட்டை வடிவத் திடலில், முட்டை வடிவப் பந்தைக் கொண்டு, பக்கத்துக்கு 18 பேர் ஆடும் ஆஸ்திரேலியக் காற்பந்து அது. பந்தைக் கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், முட்டியால் குத்தித் தோழருக்கு அனுப்பலாம். திடலின் இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவிலுள்ள இரு கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்தால் 6 புள்ளிகள். பக்கத்துக் கம்பங்களுக்குள் போனால் ஒரே புள்ளி.

வலைப்பந்து நம் பள்ளிகளில் பெண் பிள்ளைகள் ஆடும் அதே வலைப்பந்துதான். பக்கத்துக்கு 7 பேர். பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. கையில் வந்த பந்தை 3 விநாடிக்குள் அனுப்பிவிட வேண்டும்.

விக்டோரியாவின் நாட்டுப்புற ஊர்களில் இவ்விரண்டும் ஒரே கழகத்தின் இரு கைகள் போல இருக்கின்றன. காற்பந்துத் திடலை ஒட்டியே வலைப்பந்துக் களம் இருக்கும். சனிக்கிழமை ஓர் ஊர் மற்றோர் ஊருக்கு ஆடப் போகும்போது அண்ணன் காற்பந்தும் தங்கை வலைப்பந்தும் ஆடுவார்கள். அப்பா கோடு பார்ப்பார், அம்மா உணவுக் கடையைக் கவனிப்பார். ஊர்க் கழகம் என்றால் அங்கே ஊரே வந்து நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு சமூகத்துக்கு லீக்கில் இடம் இல்லை என்றால், ஊரில் இடம் இல்லை என்றே பொருள்.

ஆற்றங்கரையில் தொடங்கிய ஆட்டம்

ரம்பலாராவின் மூதாதையர் யோர்ட்டா யோர்ட்டா மக்கள். மர்ரி ஆற்றின் இரு கரைகளும் அவர்களின் பாரம்பரிய நிலம். வெள்ளையர் குடியேற்றத்தில் நிலம் பறிபோனபின், அவர்களில் பலர் மலோகா என்ற கிறிஸ்துவ மிஷனில் தஞ்சம் புகுந்தார்கள். 1881-இல் அங்கிருந்த 42 ஆண்கள், தாங்களே பயிர் செய்து பிழைக்க நிலம் வேண்டும் என்று நியூ சவுத் வேல்ஸ் ஆளுநருக்கு மனு எழுதினார்கள். 1883-இல் 1,800 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. 1888-இல் மக்கள் அங்கே குடிபெயர்ந்தார்கள். கம்மரகஞ்சா என்று அந்த இடத்துக்குப் பெயர்.

மலோகாவிலும் பிறகு கம்மரகஞ்சாவிலும் பள்ளிக்கூடம் நடத்தியவர் தாமஸ் ஷாட்ரக் ஜேம்ஸ். 1859-இல் மொரிஷியஸ் தீவில் இந்தியக் குடும்பத்தில் பிறந்தவர்; கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய இந்தியத் தொழிலாளர்கள் கப்பல் கப்பலாகக் கொண்டுபோகப்பட்ட அதே மொரிஷியஸ். அவருடைய தந்தை மொழிபெயர்ப்பாளர். இளம் வயதில் ஆஸ்திரேலியாவுக்கு வந்த ஜேம்ஸ், 1881-இல் மலோகா மக்களைச் சந்தித்து அவர்களுடனே தங்கிவிட்டார். 1885-இல் யோர்ட்டா யோர்ட்டா பெண்ணான ஏடா கூப்பரை மணந்தார்.

பகலில் பிள்ளைகளுக்கும் இரவில் பெரியவர்களுக்கும் அவர் எழுத்தறிவித்தார். மனு எழுதவும் கூட்டத்தில் பேசவும் தெரிந்த ஒரு தலைமுறை அந்தப் பள்ளியிலிருந்து வந்தது. பூர்வகுடி உரிமைப் போராட்டத்தின் முன்னோடியான வில்லியம் கூப்பர் அவருடைய மாணவர், மைத்துனரும்கூட.

கம்மரகஞ்சா விளையாட்டிலும் பேர் எடுத்தது. வில்லியம் கூப்பரின் மகன் லிஞ்ச் கூப்பர் 1928-இல் புகழ்பெற்ற ஸ்டாவல் ஓட்டப் பந்தயத்தில் வென்றார். காற்பந்துக் குழுவோ வட்டார லீக்கில் தொடர்ந்து வெற்றிக் கிண்ணம் வாங்கியது. எந்த அளவுக்கு என்றால், அந்தக் குழுவில் 25 வயதைத் தாண்டியவர்கள் ஆடக்கூடாது என்று லீக் ஒரு விதியே போட்டது. மற்றக் குழுக்களுக்கு அந்த விதி இல்லை.

டக் நிக்கோல்ஸ்

அந்தத் திடலில் ஓடி வளர்ந்த பையன்களில் ஒருவர் டக் நிக்கோல்ஸ். 1906-இல் கம்மரகஞ்சாவில் பிறந்தவர். உயரம் 5 அடி 2 அங்குலம்தான். வேகமோ யாருக்கும் பிடிபடாது. 1927-இல் மெல்பர்னின் பெரிய குழு ஒன்றில் பயிற்சிக்குப் போனார். அவருடைய நிறத்தைக் காரணம் காட்டி அங்கே ஒதுக்கினார்கள். சில வாரங்களில் வெளியேறி நார்த்கோட் குழுவில் சேர்ந்தார். 1932 முதல் 1937 வரை ஃபிட்ஸ்ராய் குழுவுக்காக 54 ஆட்டங்கள் ஆடினார். 1935-இல் விக்டோரியா மாநிலக் குழுவில் இடம்பெற்றார்.

ஆட்டத்தை விட்டபின் பாதிரியாராகவும் உரிமைப் போராளியாகவும் வாழ்ந்தார். 1972-இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1976-இல் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தின் ஆளுநரானார். ஆஸ்திரேலியாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பூர்வகுடி மனிதர் அவர்தான். இன்று தேசிய லீக்கான ஏ.எஃப்.எல். ஆண்டுதோறும் நடத்தும் பூர்வகுடிச் சுற்று ஆட்டங்கள் அவர் பெயரையே தாங்கியிருக்கின்றன.

1939: மூட்டை கட்டிய நாள்

திடலில் புகழ் இருந்தது. வீட்டில் பசி இருந்தது. கம்மரகஞ்சா மக்கள் காடு திருத்திப் பயிர் செய்த நிலத்தை அரசு வாரியம் திரும்ப எடுத்துக்கொண்டு வெள்ளையர்களுக்குக் குத்தகைக்கு விட்டது. ரேஷன் குறைந்தது, நோய் பரவியது. தோட்டத் துரையைப் போல அதிகாரம் வைத்திருந்த மேலாளரிடம் அனுமதி வாங்காமல் யாரும் வரவோ போகவோ முடியாது. பெண் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, வேலைக்காரிகளாகப் பழக்குவதற்கென்று தொலைவிலுள்ள விடுதிக்கு அனுப்பும் கொடுமையும் நடந்தது. டக் நிக்கோல்ஸின் அக்காவையும் அப்படித்தான் கொண்டுபோனார்கள்.

1939 பிப்ரவரி 4-ஆம் தேதி, சுமார் 200 பேர் கம்மரகஞ்சாவை விட்டு வெளியேறினார்கள். மர்ரி ஆற்றைக் கடந்து, நியூ சவுத் வேல்ஸ் வாரியத்தின் கை நீளாத விக்டோரியா பக்கம் போய்க் கூடாரம் அடித்தார்கள். பூர்வகுடி மக்கள் கூட்டமாக நடத்திய முதல் வெளிநடப்புப் போராட்டங்களில் ஒன்றாக அது பேசப்படுகிறது.

திரும்பிப் போகாதவர்கள் வேலை தேடி ஷெப்பர்டன், மூரூப்னா பக்கம் வந்தார்கள். பழம் பறித்தார்கள், தக்காளி பறித்தார்கள், டின் ஆலையில் நின்றார்கள். ஆனால் ஊருக்குள் வீடு கிடைக்கவில்லை. இரண்டு ஊர்களுக்கும் இடையே, கோல்பர்ன் ஆற்றோரத் தாழ்நிலத்தில் தகரமும் சாக்குமாகக் குடிசை போட்டார்கள். மழைக்காலத்தில் வெள்ளம் வரும். பக்கத்திலேயே குப்பை மேடு. 1954-இல் எலிசபெத் அரசியார் அந்த வழியாகப் போனபோது, குடிசைகள் கண்ணில் படாமலிருக்கச் சாலையோரம் சாக்குத் திரை கட்டினார்கள் என்று அந்த மக்கள் இன்றும் சொல்கிறார்கள்.

1958-இல் அரசு மூரூப்னா அருகே பத்து கான்கிரீட் வீடுகளைக் கட்டிக் கொடுத்தது. அந்தக் குடியிருப்புக்கு வைத்த பெயர்தான் ரம்பலாரா. யோர்ட்டா யோர்ட்டா மொழியில் அதற்கு வானவில்லின் முனை என்று பொருள்.

லீக்கின் கதவு

ஊர் மாறியபின் பையன்கள் சிதறி வெவ்வேறு ஊர்க் குழுக்களில் ஆடினார்கள். நல்ல ஆட்டக்காரனை எல்லாக் குழுவும் கூப்பிடும். ஆட்டம் முடிந்ததும் அவன் குடும்பத்துக்கு அந்தக் கழகத்தில் இடம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. பூர்வகுடி மக்களே கூடிக் குழு அமைத்து, அழைப்புப் போட்டிகளில் ஆடி வந்தார்கள். லீக்கில் சேரவும் பலமுறை விண்ணப்பித்தார்கள். நாட்டுப்புற லீக்கில் புதுக் கழகத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது ஏற்கெனவே உள்ள கழகங்கள்தான். ஒவ்வொரு முறையும் கதவு சாத்தியே இருந்தது.

1990-களில் சூழல் கொஞ்சம் மாறியது. 1993 ஏப்ரலில் நிக்கி வின்மர் என்ற பூர்வகுடி ஆட்டக்காரர், தம்மை ஏசிய ரசிகர்கள் முன் சட்டையைத் தூக்கித் தம் தோலைச் சுட்டிக் காட்டினார். அந்தப் புகைப்படம் நாட்டையே உலுக்கியது. 1995-இல் ஆட்டத்தின்போது இனத்தைச் சொல்லி ஏசுவதற்கு எதிராக ஏ.எஃப்.எல். விதி கொண்டுவந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1997-இல், ரம்பலாரா வட்டார லீக்கில் சேர்ந்தது. பல ஆண்டுகள் இதற்காக அலைந்தவர்களில் முக்கியமானவர் யோர்ட்டா யோர்ட்டா தலைவர் பால் பிரிக்ஸ். கழகத்தின் நிறுவனத் தலைவரும் அவரே. 2006-இல் கழகம் மர்ரி லீக்கில் சேர்ந்தது.

அதே காலத்தில் நீதிமன்றத்திலும் ஒரு போராட்டம் நடந்தது. தங்கள் பாரம்பரிய நிலத்தின் மீது உரிமை கேட்டு யோர்ட்டா யோர்ட்டா மக்கள் தொடுத்த வழக்கில், வரலாற்றின் வெள்ளம் அவர்களின் பாரம்பரியத் தொடர்பை அடித்துக்கொண்டு போய்விட்டது என்ற கருத்தில் 1998 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 2002-இல் உயர் நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளியது. சட்டத்தின் பார்வையில் தொடர்பு அறுந்துவிட்டது. ஆனால் கம்மரகஞ்சாக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் ஒரே திடலில் கூடிக்கொண்டிருந்தார்கள்.

வலைப்பந்துக் களத்தில் பெண்கள்

காற்பந்துக் குழு மட்டும் இருந்திருந்தால் இது ஆண்களின் கதையாக முடிந்திருக்கும். வலைப்பந்துதான் பாட்டி, அம்மா, மகள் என்று குடும்பத்தை முழுதாகக் கழகத்துக்குள் கொண்டுவந்தது. பெண் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போன காலத்தைக் கண்ட சமூகத்தில், ஒரு பெண் பிள்ளை தன் மக்களின் பெயர் பொறித்த உடையில், தன் சொந்தக் களத்தில், அத்தைமார்கள் கைதட்ட ஆடுவது சிறிய விஷயம் அன்று.

வலைப்பந்தில் மேலே போகும் வழி இன்னும் கடினமானது. காற்பந்தில் பூர்வகுடி ஆட்டக்காரர்கள் பலர் தேசிய லீக்கில் இருக்கிறார்கள். வலைப்பந்தில் ஆஸ்திரேலியாவுக்காக ஆடிய முதல் பூர்வகுடிப் பெண் மார்சியா எல்லா, 1980-களில் ஆடியவர். அடுத்தவர் ஷேரன் ஃபின்னன். மூன்றாமவரான டொனெல் வாலம் 2022-இல்தான் அணிக்கு வந்தார். இடையில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஒருவர்கூட இல்லை. திறமை இல்லாததால் அன்று. பயிற்சிக்குப் போகவர வண்டி, செலவுக்குப் பணம், பக்கத்தில் ஒரு சொந்த முகம், இவை இல்லாததால் வழியிலேயே பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். ஊர்க் கழகம் அடைக்கப் பார்ப்பது இந்த இடைவெளியைத்தான்.

கிண்ணத்துக்கு அப்பால்

ரம்பலாரா கழகம் தன்னை வெறும் விளையாட்டுக் கழகமாக எண்ணிக்கொள்வதில்லை. உடல்நலம், புகைபிடிப்பதை விடுதல், இளைஞர்களுக்கு வேலை வழிகாட்டல் ஆகியவற்றையும் கையில் எடுத்தது. மருத்துவமனைக்குப் போகக் கூச்சப்படும் ஆள்கூடச் சனிக்கிழமை திடலுக்கு வருவார். அங்கே வைத்துப் பேசுவது எளிது. 2004-இல் மெல்பர்ன் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து ஷெப்பர்டனில் விளையாட்டு, சுகாதாரம், கல்விக்கான பயிற்சி மையம் ஒன்றைத் தொடங்கியது. பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகள் விளையாட்டின் வழியாக மறுபடி படிப்புக்குள் வர அது கதவு திறந்தது.

அந்தக் காலத்தில் இரவுப் பள்ளி நடத்திய ஜேம்ஸ் ஆசிரியர் செய்ததும் ஏறக்குறைய இதுதான். மக்கள் கூடும் இடத்துக்குப் பாடத்தைக் கொண்டுபோனார்.

மலேசியத் தோட்டங்களிலும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் திடலும்தான் வாழ்க்கையின் நடு இடங்களாக இருந்தன. மாலையில் பால் வேலை முடிந்தபின் பந்து உருளும்; தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி நடக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனபோது, கோயிலைக் காக்கப் பலர் போராடினார்கள், பள்ளியைக் காக்கவும் போராடினார்கள். திடலுக்காகக் குரல் கொடுத்தவர்கள் குறைவு. குழு கலைந்தால் பையன்கள் எங்கே போய் நிற்பார்கள் என்பதை அப்போது யாரும் பெரிதாக எண்ணவில்லை.

ரம்பலாரா மக்கள் மிஷனை இழந்தார்கள், கம்மரகஞ்சா நிலத்தை இழந்தார்கள், ஆற்றோரக் குடிசைகளையும் இழந்தார்கள். ஒவ்வொரு முறையும் குழுவை மறுபடி கூட்டினார்கள். அதற்குப் பெரிய அரங்கம் தேவைப்படவில்லை. கோத்தோங் ரோயோங் போல ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொள்ளும் மனிதர்களும், பெண் பிள்ளைகளுக்கும் சம இடம் தரும் மனமும், பல ஆண்டுகள் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும் பொறுமையும் போதுமானதாக இருந்தன.