பெங்களூர் சாலையின் இரு முனைகள்

சென்னையிலிருந்து பெங்களூர் சாலையில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனால் கொரிய, ஜப்பானிய எழுத்துப் பலகைகள் இன்று யாரையும் வியக்க வைப்பதில்லை. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்தது. மோயாமோயா என்ற மூளை ரத்தக்குழாய் அடைப்பு நோய் உலகிலேயே அதிகம் காணப்படுவதும் ஜப்பானியரிடமும் கொரியரிடமும்தான். ஆலைக்கும் நோய்க்கும் முடிச்சுப் போட வேண்டாம். இது வெறும் தற்செயல்.

மூளை மருத்துவத்துக்கும் இந்தச் சாலைக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. இந்தியாவில் நரம்பியல் அறுவைத் துறை வேர்விட்டது இதன் வழியில்தான். 1949-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் ஜேக்கப் சாண்டி அதைத் தொடங்கினார். மறு ஆண்டே சென்னை பொது மருத்துவமனையில் சீர்காழிக்காரரான பி. ராமமூர்த்தி. 1951-இல் இந்திய நரம்பியல் சங்கம் தொடங்கியபோது இருவரும் முன்னின்றார்கள்.

மோயாமோயாவுக்கு அப்போது பெயரே இல்லை. மூளையின் ரத்தக்குழாய்களை எக்ஸ்ரேயில் காட்டும் ஆஞ்சியோகிராமை லிஸ்பனில் ஏகாஸ் மோனிஸ் 1927-லேயே செய்து காட்டியிருந்தார். அந்தப் படங்களின் துணையோடு ஜப்பானில் டக்கேயுச்சியும் ஷிமிசுவும் 1957-இல் இந்த நோயை விவரித்தார்கள். மூளைக்குப் போகும் பெரிய தமனிகள் இரு பக்கமும் மெல்லச் சுருங்க, அடிப்பகுதியில் நூலிழைக் குழாய்கள் கொத்தாக முளைக்கின்றன. படத்தில் அது சிகரெட் புகைபோல் தெரிந்ததால் சென்டாய் நகரின் சுசூகியும் டக்காக்குவும் 1969-இல் புகைமூட்டத்தைக் குறிக்கும் மோயாமோயா என்ற பெயரை நிலைநிறுத்தினார்கள். இந்நோய் உள்ள குழந்தை தேம்பி அழுதாலோ, சூடான உணவை ஊதினாலோ கை கால் சிறிது நேரம் துவண்டுபோகலாம். பெரியவர்களுக்கு அந்த மெல்லிய குழாய்கள் வெடித்து ரத்தம் கசிவதும் உண்டு.

அந்தக் குழாய்களை முளைக்க வைப்பது எது?

விடை தேடியவர்கள் மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரைச் சோதித்தார்கள். சப்போரோவில் ஹொக்கைடோ பல்கலைக்கழகக் குழு 1993-இல், ரத்தக்குழாய் வளரத் தூண்டும் பி.எஃப்.ஜி.எஃப். என்ற புரதம் இந்த நோயாளிகளின் நீரில் மிகுந்திருப்பதாக அறிவித்தது. நோய்க்கு அதுவே காரணமா, பட்டினி கிடக்கும் மூளை எழுப்பும் கூக்குரலா என்பது அதனால் முடிவாகவில்லை. பின்னதே பொருத்தம் என்று தோன்றுகிறது. தலைத்தோலின் தமனியை மூளையின் மேல் படியவைக்கும் அறுவைக்குப் பின், புதுக்குழாய்கள் செழித்தவர்களிடம் இந்தப் புரதமும் கூடுதலாக இருந்ததை அதே குழு 1996-இல் கண்டது. 2003-இல் கொரிய ஆய்வாளர்கள் அந்த நீரில் வேறொரு புரதத்தைச் சுட்டினார்கள். 2011-இல் இந்த நோயோடு தொடர்புள்ள ஆர்.என்.எஃப்.213 என்ற மரபணு பிடிபட்டது. அதன் ஒரு மாறுபாடு ஜப்பானிய நோயாளிகளுக்கும் கொரிய நோயாளிகளுக்கும் பொதுவாக இருந்தது.