தோளிலிருந்து இறங்கிய ‘ஆமாம்’

டொனால்டு என்ற சின்னப் பையனுக்கு ‘ஆமாம்’ என்ற சொல் பிடிபடவேயில்லை. ஏதாவது கேட்டால் கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்வான். அவனுக்கு அதுதான் சம்மதம். அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். ‘ஆமாம்’ சொன்னால் தோளில் தூக்கி வைத்துக்கொள்வதாக ஆசை காட்டினார். பையன் சொன்னான், அப்பாவும் தூக்கி வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவனைப் பொறுத்தவரை ‘ஆமாம்’ என்றால் ‘என்னைத் தோளில் ஏற்று’ என்று பொருள். அந்தச் சொல்லைத் தோளிலிருந்து இறக்கவே பல மாதங்கள் பிடித்தன, எல்லாரும் சொல்லும் ‘ஆமாம்’ ஆக்குவதற்கு அதைவிட நெடுநாள் பிடித்தது.

இதைப் பதிவு செய்தவர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தைகள் மனநல மருத்துவராக இருந்த லியோ கேனர். மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரிலிருந்து டொனால்டை 1938இல் அவரிடம் அழைத்து வந்தார்கள். அதற்கு முன்பே அப்பா, மகனைப் பற்றி 33 பக்கம் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார். அவன் வேதபாடக் கேள்வி பதில்களை மனப்பாடமாக ஒப்பிப்பான், கேட்ட பாட்டைச் சுருதி பிசகாமல் பாடுவான். ஆனால் அம்மா அறைக்குள் வந்தாலும் போனாலும் அவனிடம் ஒரு சலனமும் இருக்காது. ‘நான்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘நீ’ என்பான்.

டொனால்டையும் சேர்த்து 11 குழந்தைகளைப் பற்றி 1943இல் கேனர் எழுதிய கட்டுரைதான் ஆட்டிசம் என்ற சொல்லை இன்றைய பொருளில் உலகறியச் செய்தது. அந்த 11 பேரில் 8 பேர் பேசினார்கள், 3 பேர் பேசவில்லை. அடுத்தவரிடம் ஒன்றைத் தெரிவிப்பது என்ற அளவில் இந்த எட்டுப் பேருக்கும் அந்த மூவருக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று கேனர் கவனித்தார். வாயில் சொல் இருப்பது வேறு, அந்தச் சொல்லால் இன்னொரு மனிதரைத் தொடுவது வேறு. இன்று ஸ்பீச் தெரபி அறைகளில் ‘சோஷியல் கம்யூனிகேஷன்’ என்ற பெயரில் நடக்கும் வேலைக்கெல்லாம் வேர் இந்த ஒரு கவனிப்பில் இருக்கிறது. அது வேலையாக உருப்பெறத்தான் பல பத்தாண்டுகள் ஆயின.

ஆட்டிசம் கேனர் மட்டும் தனியாகக் கண்டதும் அல்ல. மாஸ்கோவில் க்ரூன்யா சுகரேவா என்ற மருத்துவர் 1925இலேயே இத்தகைய ஆறு சிறுவர்களை விரிவாக வர்ணித்திருந்தார். வியன்னாவின் குழந்தைகள் மருத்துவமனையில் எர்வின் லாசர் 1911இல் தொடங்கிய சிகிச்சைக் கல்விப் பிரிவில், விக்டோரின் ஸாக் என்ற செவிலியர் பாட்டும் விளையாட்டுமாகக் குழந்தைகளோடு நாளெல்லாம் இருந்தார். அங்கு பணியாற்றிய யூதர்களான கேயார்க் ஃப்ராங்கல், ஆனி வைஸ் இருவரும் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். ஃப்ராங்கல் கேனரிடமே பணியில் அமர்ந்தார். வியன்னாவில் தங்கிவிட்ட ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944இல் தன் ஆய்வை வெளியிட்டார். அதே நகரின் ஷ்பீகல்க்ரூண்ட் விடுதியில் நாஜிகளின் ஆட்சியில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டார்கள். அங்கே குழந்தைகளை அனுப்பியதில் ஆஸ்பெர்கருக்கும் பங்கு இருந்ததை, வரலாற்றாசிரியர் ஹெர்விக் செக் 2018இல் ஆவணங்களோடு வெளிக்கொணர்ந்தார். ஆட்டிசம் சிகிச்சையின் கதையைச் சொல்கிறவர்கள் அந்தக் குழந்தைகளைத் தாண்டிப் போய்விட முடியாது.

டொனால்டுக்கு வருவோம். 1942இல் அவனுக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும்போது, வீட்டிலிருந்து பத்து மைல் தொலைவில் ஒரு விவசாயத் தம்பதியிடம் அவனை விட்டார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை, எந்தப் பயிற்சியும் கிடையாது. கேனர் நேரில் போய்ப் பார்த்தபோது அசந்துபோனார். பையனுக்கு எதையும் அளந்துகொண்டே இருக்கும் பழக்கம். அவர்கள் அவனைக் கிணறு தோண்ட வைத்து, எத்தனை ஆழம் ஆயிற்று என்று வந்து சொல்லச் சொன்னார்கள். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் பொறுக்கிச் சேர்ப்பான். தோட்டத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, இடுகாடு அமைத்துக்கொள் என்றார்கள். அவனும் ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதிக் குறி நட்டான். சோளக்கொல்லையில் வரிசைகளை எண்ணிக்கொண்டே இருப்பான். உழுதுகொண்டே எண்ணு என்று ஏரைக் கையில் கொடுத்தார்கள். கேனரின் கண்முன்னே குதிரையைத் திருப்பித் திருப்பி ஆறு நீண்ட சால் ஓட்டிக் காட்டினான் டொனால்டு.

எண்ணாதே, அளக்காதே என்று அவர்கள் தடுக்கவில்லை. அவன் செய்வதற்குக் கேட்பவர் ஒருவரை உண்டாக்கினார்கள். கிணற்றின் ஆழத்தைத் தெரிந்துகொள்ள வீட்டில் ஒருவர் காத்திருந்தால்தானே அதை ஓடிவந்து சொல்ல முடியும்! அந்தத் தம்பதி இயல்பாகச் செய்ததைப் படித்தவர்கள் சென்றடையப் பல ஆண்டுகள் ஆயின. நடுவில் வந்தவை நல்ல காலங்கள் அல்ல.

முதலில் பழி தாய் மேல் விழுந்தது. பெற்றோர் பாசமற்று இருந்ததாகக் கேனரே எழுதினார். சிகாகோவில் புருனோ பெட்டல்ஹைம் 1967இல் ஒரு புத்தகமே போட்டு அதைப் பரப்பினார். பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லையே என்று ஏங்கிய தாய்மார்களிடம், உன்னால்தான் அவன் திரும்பவில்லை என்று சொல்லப்பட்டது. இதைவிடக் கொடிய ஒன்றை ஒரு தாயிடம் சொல்ல முடியுமா? ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளருமான பெர்னார்டு ரிம்லண்டு, இது உடல் சார்ந்தது, வளர்ப்பால் வந்ததல்ல என்று 1964லேயே எழுதியிருந்தார். வட கரோலினாவில் எரிக் ஷாப்லர் பெற்றோரைச் சிகிச்சையின் கூட்டாளிகளாகவே சேர்த்துக்கொண்டார். அவருடைய டீச் திட்டத்தை 1972இல் மாநில அரசே எடுத்து நடத்தத் தொடங்கியது.

அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் ஐவர் லோவாஸ், சொல்லைப் பிள்ளையின் வாயிலிருந்து வரவழைப்பதிலேயே முனைந்தார். சரியாகச் சொன்னால் ஒரு வாய் தின்பண்டம், தவறினால் அதட்டல், அறை. சில சோதனைகளில் மின்னதிர்ச்சியும் உண்டு. 1965இல் லைஃப் பத்திரிகை இதைப் படங்களோடு வெளியிட்டது. 1987இல் வந்த அவருடைய ஆய்வில் 19 குழந்தைகள் வாரத்துக்கு 40 மணி நேரம் பயிற்சி பெற்றார்கள், 9 பேர் சாதாரண வகுப்பில் மற்றப் பிள்ளைகளைப் போலத் தேறினார்கள் என்றிருந்தது. குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்காத ஆய்வு அது. ஆனாலும் நம்பிக்கையற்றுக் கிடந்த பெற்றோருக்கு அந்த எண் பெரிய வெளிச்சமாகத் தெரிந்தது, அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் தின்பண்டத்துக்காகச் சொன்ன சொல் தின்பண்டத்தோடு ஒட்டிக்கொண்டது. தோளோடு ஒட்டிக்கொண்ட ‘ஆமாம்’ போலவே.

திருப்பம் வந்தது பேசாத பருவத்துக் கைக்குழந்தைகளிடமிருந்து. ஜெரோம் புரூனரும் மைக்கேல் ஸ்கேஃபும் 1975இல், எதிரே இருக்கும் பெரியவர் தலையைத் திருப்பிப் பார்க்கும் பக்கத்தைக் குழந்தையும் திரும்பிப் பார்க்கிறதா என்று சோதித்தார்கள். ஒரு வயதையொட்டிய குழந்தைகள் பெரும்பாலும் திரும்பினார்கள். அதே ஆண்டு எலிசபெத் பேட்ஸும் அவருடைய இத்தாலியத் தோழிகள் இருவரும், குழந்தைகள் பேச வருமுன் விரல் நீட்டுவதில் இரண்டு வகை உண்டு என்று பிரித்துக் காட்டினார்கள். பிஸ்கட் டப்பாவை நோக்கி நீளும் விரல் ‘கொடு’ என்கிறது. ஜன்னலில் உட்கார்ந்த காக்கையை நோக்கி நீண்டு, உடனே அம்மாவின் முகத்துக்குத் திரும்பும் கண்ணோடு சேர்ந்த விரல் ‘பாரேன்’ என்கிறது. இரண்டாவதில் குழந்தைக்குக் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை. நான் பார்த்ததை நீயும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் முதல் விரல் ஓரளவு இருந்தும் இரண்டாவது அரிதாக இருப்பது அடுத்தடுத்த ஆய்வுகளில் தெரிந்தது. 1979இல் லண்டனின் கேம்பர்வெல் பகுதிக் குழந்தைகளை ஆராய்ந்த லோர்னா விங், ஜூடித் கௌல்டு இருவரும் பழகுதல், தெரிவித்தல், கற்பனை ஆகிய மூன்றிலும் ஒருசேர வரும் சிரமமாக ஆட்டிசத்தை வரையறுத்தார்கள்.

இதன் பிறகுதான் தெரபிஸ்ட் மேசையை விட்டுத் தரைக்கு இறங்கினார்.

1980களில் ஏமி வெதர்பியும் பேரி பிரிசன்ட்டும் பரப்பிய உத்தி ஒன்று இன்று சென்னையிலும் மதுரையிலும் பல தெரபி அறைகளில் காணக் கிடைப்பது. சோப்புக் குமிழி விடும் புட்டியைத் திறந்து தெரபிஸ்ட் ஊதுகிறார். குமிழிகள் மிதக்கின்றன, குழந்தை துள்ளுகிறது. உடனே மூடியை இறுக்கித் திருகிப் புட்டியைக் குழந்தையின் கையில் கொடுத்துவிடுகிறார். பிறகு எதுவும் பேசுவதில்லை. குழந்தை புட்டியைத் திருப்பிப் பார்க்கிறது, கடித்துப் பார்க்கிறது, தரையில் தட்டுகிறது. பெற்றோருக்கு வாய் துறுதுறுக்கும், ‘திறன்னு சொல்லும்மா, திற’ என்று எடுத்துக்கொடுக்கத் தோன்றும். தெரபிஸ்ட் கண்ணாலேயே தடுப்பார். கடைசியில் புட்டி அவருடைய மடியில் வந்து விழும். அரை நொடி கண்கள் அவர் முகத்தில் படும். சொல் இன்னும் வரவில்லை. ஆனால் குமிழிக்கும் தனக்கும் நடுவில் ஒரு மனிதர் தேவை என்பது அந்தப் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது.

இதே தத்துவத்தை அட்டையில் கொண்டுவந்தார்கள் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்ட்டும். 1985இல் அமெரிக்காவின் டெலவேரில் உருவான பெக்ஸ் முறையின் முதல் பாடத்தில் பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எதிரே சிப்ஸை வைத்துக்கொண்டு உட்காருவார், ‘என்ன வேணும்?’ என்று கேட்கக் கூடாது. இன்னொருவர் பின்னால் இருப்பார். குழந்தை சிப்ஸுக்குக் கை நீட்டும்போது, பின்னால் இருப்பவர் சத்தமில்லாமல் அந்தக் கையைப் பிடித்துப் படஅட்டையை எடுக்கவைத்து, எதிரே இருப்பவரின் உள்ளங்கையில் வைக்கச் செய்வார். அந்த நொடியே ‘சிப்ஸ்!’ என்ற சொல்லோடு சிப்ஸ் வந்துவிடும். இங்கேயும் தின்பண்டம்தான். ஆனால் பேச்சைத் தொடங்குவது பிள்ளை, பெரியவர் அல்ல. லோவாஸின் அறையிலிருந்து எடுத்துவைத்த பெரிய அடி அது.

நம் ஊரில் இதே எண்ணம் தொடுதிரைக்கு வந்தது. ஐஐடி மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன், சென்னையின் வித்யா சாகர் நிறுவனத்துப் பிள்ளைகளோடு பழகி, படங்களைத் தொட்டால் அவற்றைக் குரலாக்கும் ஆவாஸ் என்ற கருவியை உருவாக்கினார். இந்தியாவில் பேச்சு, செவித்திறன் நிபுணர்களை உருவாக்கும் மைசூர் நிறுவனமே 1965இல்தான் பிறந்தது என்பதை நினைத்தால், இது சின்னத் தூரம் அல்ல.

ஆனாலும் நிபுணர் எத்தனை பேரைப் பார்ப்பார்? வாரத்துக்கு ஒரு மணி நேரம் தெரபி என்றால் மிச்ச நேரமெல்லாம் குழந்தை வீட்டில்தானே இருக்கிறது. மான்ட்ரியலில் 1975இல் அயலா ஹானன் மனோல்சன் தொடங்கிய வகுப்புகள் பிள்ளைக்கு அல்ல, பெற்றோருக்கு. கவனி, காத்திரு, காதுகொடு என்பதே அங்கே பாலபாடம். மான்செஸ்டரில் ஜோனதன் கிரீன் குழுவினர் இன்னொரு படி போனார்கள். அம்மாவும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, இருவரும் ஒரே பொருளில் லயித்த அந்தச் சிறு நொடிகளை அம்மாவுக்கே போட்டுக் காட்டினார்கள். 2010இல் 152 குழந்தைகளிடம் செய்த சோதனை அது. அதையே எளிமைப்படுத்தி கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 2015இல் வந்தது. அங்கே வீடு வீடாகப் போனவர்கள் பட்டம் பெற்ற தெரபிஸ்ட்டுகள் அல்ல, பயிற்சி தரப்பட்ட சாதாரணப் பணியாளர்கள். பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து பதில் தரப் பழகினார்கள். பிள்ளைகள் தாமாக முன்வந்து தெரிவிப்பதும் கூடியது. ஒருகாலத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்ற தாய் இங்கே பிள்ளைக்கு முதல் துணையாக நின்றார்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் வளர்ந்து தாங்களே பேசத் தொடங்கியபோது இன்னொரு கேள்வியும் எழுந்தது. கண்ணைப் பார் கண்ணைப் பார் என்று முகத்தைத் திருப்பிய கைகளை அவர்கள் மறக்கவில்லை. அவர்களில் ஒருவரான பிரிட்டிஷ் ஆய்வாளர் டேமியன் மில்டன், புரியாமை இரு பக்கமும் இருக்கும்போது ஒரு பக்கத்துக்கு மட்டும் ஏன் பாடம் என்று 2012இல் கேட்டார். கேத்தரின் க்ராம்ப்டன் குழு 2020இல் 72 பேரை வைத்து, ஒருவர் காதில் ஒருவர் கதை சொல்லி அனுப்பும் விளையாட்டைப் போல ஒரு சோதனை நடத்தியது. ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த சங்கிலியிலும், இல்லாதவர்கள் மட்டுமே இருந்த சங்கிலியிலும் கதை கிட்டத்தட்ட ஒரே அளவுக்குத் தங்கியது. இரு தரப்பும் கலந்த சங்கிலியில்தான் அதிகம் உதிர்ந்தது.

டொனால்டு கல்லூரி முடித்து, சொந்த ஊரான ஃபாரஸ்டில் குடும்பத்துக்குத் தொடர்புள்ள வங்கியில் வேலை பார்த்தார். கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாகவே பல நாடுகளைச் சுற்றி வந்தார். 2023இல் 89 வயதில் காலமானார். பழகியவர்களுக்கு ஆளுக்கொரு எண் கொடுத்து, பார்க்கும்போது அந்த எண்ணைச் சொல்லியே அழைப்பது இளமையிலிருந்து அவர் பழக்கம். பல பத்தாண்டுகள் கழித்து ஃபாரஸ்டுக்குப் போன பத்திரிகையாளர்களிடம், டொனால்டு தங்களுக்குக் கொடுத்த எண் இன்னது என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொன்னார்கள்.