எலும்பில் எழுந்த போர்க்கப்பல்கள்

போர்க்கப்பலை அளவு பிசகாமல் சிறிதாகச் செய்து பார்க்கும் கலை 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கடற்படை நிர்வாகத்தைச் சார்ந்து செழித்தது. ஓர் அடிக்குக் கால் அங்குலம், அதாவது 48-இல் ஒரு பங்கு என்பதே அங்குப் பெரிதும் கையாண்ட விகிதம். நீர்மட்டத்திற்குக் கீழே பலகை வேயாமல், கப்பலின் விலாச் சட்டங்கள் கண்ணுக்குத் தெரியுமாறு விட்டுவிடுவர். அரசின் ஆதரவும் தேர்ந்த தச்சரும் வாய்த்தோர் செய்த வேலை அது.

இவை யாதுமின்றித் தொடங்கியோரைப் பற்றியே நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். பிரிட்டனும் பிரான்சும் பொருத காலத்தில், பீட்டர்பரோ நகருக்கு அருகே நார்மன் கிராஸ் என்னுமிடத்தில், போர்க் கைதிகளுக்கென்றே 1797-இல் ஒரு சிறைமுகாம் எழுந்தது. ஆயிரக்கணக்கான பிரெஞ்சுக்காரரும் டச்சுக்காரரும் அங்கே அடைபட்டனர். 1803-இல் போர் மீண்டும் மூண்டபின் கைதிகளைப் பரிமாறும் வழக்கம் பெரும்பாலும் நின்றுபோயிற்று. பத்தாண்டுகள் வரை காத்துக் கிடந்தோரும் உண்டு. தொலைவிலிருந்து ஊர்ச் செய்திக்கு ஏங்குவதன் வருத்தத்தை நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உணவில் வந்த இறைச்சியின் எலும்பே அவர்களுக்கு மூலப்பொருள். அதைக் கொதிக்க வைத்துக் கொழுப்பை நீக்கி வெளுக்கச் செய்தார்கள். பின்னர் மெல்லிய பட்டைகளாக அறுத்து, மரத்தில் செதுக்கிய கப்பலுடலின்மேல் பலகை பலகையாகப் பதித்துச் சிறு பித்தளை ஆணிகளால் இறுக்கினார்கள். பாய்மரக் கயிறுகளுக்குத் தலைமயிரோ பட்டு நூலோ உதவிற்று. பின்புறத்து நூலை இழுத்தால் பீரங்கிகள் அனைத்தும் உள்ளே ஒடுங்கும். விட்டால் வெளியே நீளும். என்ன கைத்திறன்!

வரைபடம் இல்லை, மாலுமியின் நினைவே அளவுகோல். ஆதலால் விகிதம் பல இடங்களில் பிறழ்ந்தது. பாய்மரங்கள் மிக ஓங்கி நிற்கும்; சிற்ப வேலை கப்பலை மீறி நிற்கும். பெட்டிக்குள்ளேயே வரைபடம் வைத்துத் தரப்படும் 700-இல் ஒரு பங்கு நெகிழிக் கப்பலை ஒட்டத் தொடங்கும் இன்றைய இளைஞர் இதைக் குறையென்பர். நான் அவ்வாறு கருதவில்லை. நினைவில் எது பெரிதாக நின்றதோ அதுவே கையிலும் பெரிதாக வந்தது.

சிறை வாயிலில் சந்தை கூடும். வைக்கோற் பின்னல் விற்பது உள்ளூர்த் தொழிலைக் கெடுக்குமென்று தடுக்கப்பட்டது. எலும்புக் கப்பலுக்கோ அத்தகைய போட்டி இல்லை. வாங்குவோர் ஆங்கிலேயர் என்பதால், பிரெஞ்சு மாலுமிகள் செய்த கப்பல்கள் பல ஆங்கிலப் போர்க்கப்பல்களின் பெயரைத் தாங்கின! கிடைத்த காசு ரொட்டிக்கும் புகையிலைக்கும் ஆயிற்று.

1814-இல் முகாம் மூடப்பட்டது. அதற்குள் சுமார் 1,770 பேர் அங்கேயே மாண்டிருந்தனர். 1800-1801-இல் பரவிய கொள்ளைநோய்க்கு இரையானோர் அவர்களுள் மிகப் பலர். அவர்கள் நினைவாக 1914-இல் வெண்கலக் கழுகு அமர்ந்த தூணொன்று நிறுவப்பட்டது. அவர்கள் கைவேலைகளின் பெருந்தொகுதி பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செய்தவர் பெயர் தெரியாதவை அவற்றுட் பல.