முத்திரையும் காலமும்: தஞ்சைக் கட்டாரிகளை இனங்காணல் குறித்து

ஐரோப்பிய வாளலகு பொருத்திய தஞ்சைக் கட்டாரி என்றாலே அது நாயக்கர் காலத்தது என்று எழுதிவிடும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. அலகில் இத்தாலிய முத்திரை இருக்கிறது. இத்தாலிய வாள்கள் போர்த்துக்கீசியர் வழியாக நாகப்பட்டினத்தில் இறங்கியிருக்க வேண்டும். ஆகவே கட்டாரி 1673இல் நாயக்கர் ஆட்சி வீழ்வதற்கு முற்பட்டது. இதுதான் அந்த வாதம். இதன் மூன்று கண்ணிகளில் எதுவும் உறுதியானதன்று என்பது என் துணிபு.

முத்திரையிலிருந்தே தொடங்கலாம். ஆந்த்ரேயா பெராரா என்பவர் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வட இத்தாலியின் பெல்லூனோவில் தொழில் செய்த வாள்கொல்லர். அவர் மறைந்து நெடுங்காலம் கழிந்த பின்னும் ஜெர்மனியின் சோலிங்கன் பட்டறைகள் அவர் பெயரைத் தம் அலகுகளில் பொறித்துக்கொண்டிருந்தன. ஸ்காட்லாந்தியர் 18ஆம் நூற்றாண்டிலும் அந்தப் பெயருள்ள வாள்களை விரும்பி வாங்கினர். பல் வைத்த பிறை இரண்டு எதிரெதிரே நிற்கும் 'ஜெனோவா' முத்திரையின் நிலை இன்னும் மோசம். காகசஸ் முதல் ஆப்கானிஸ்தான், இந்தியா வரை உள்ளூர்க் கொல்லர்களே அதைக் கொட்டியிருக்கிறார்கள். அது தரத்துக்கு அடையாளமாக இருந்ததே தவிர, ஊருக்கு அடையாளமாக இருந்ததில்லை.

முத்திரையை விட்டுவிட்டால் வேறு எதைப் பார்ப்பது? அலகும் பிடியும் சேருமிடத்தை. கட்டாரியின் அலகை இருபுறமும் பற்றுத்தகடுகள் கவ்விக்கொள்ள, தறையாணிகள் குறுக்கே இறுக்கியிருக்கும். ஐரோப்பிய வாளின் நடுவே நீளவாக்கில் ஓடும் குழிவரி பிடிக்கு அருகில் தொடங்கி, பெரும்பாலான வாள்களில் பாதி வழியிலேயே நின்றுவிடும். முத்திரையும் பெயரும் அந்தக் குழிவரிக்குள் அல்லது அதை ஒட்டியே, பிடிப்பக்கத்தில் அமையும். ஆகவே முத்திரை தெரியும் கட்டாரி அலகு வாளின் மேற்பாதியிலிருந்து வந்தது. அந்தப் பாதி தடித்தது. அதன் நுனி புதிதாகத் தீட்டப்பட்டிருக்கும். பற்றுத்தகடு முத்திரையைப் பாதி மறைத்திருந்தால், முத்திரை முன்பே இருந்தது, பிடி பின்னால் வந்தது என்று கொள்ளலாம். அது தகட்டை விட்டு விலகி அலகின் நட்டநடுவே அழகாக உட்கார்ந்திருந்தால், முத்திரை பின்னால் கொட்டப்பட்டதோ என்ற ஐயம் எழ வேண்டும்.

இதிலிருந்து இன்னொன்றும் பிறக்கிறது. ஐரோப்பிய வாளின் அலகு பொதுவாக 80 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கும். தஞ்சைக் கட்டாரிக்கு அதில் ஏறத்தாழப் பாதி போதும். அப்படியானால் மற்றப் பாதி எங்கே? அதில் முத்திரை இராது. குழிவரி இல்லாமலோ வரியின் வால் மட்டுமோ இருக்கும். அலகு மெல்லியதாக இருக்கும். நுனி வாளின் பழைய நுனியாகவே இருக்கும். இத்தகைய கட்டாரிகளைத்தான் 'உள்ளூர் அலகு' என்று பதிவேட்டில் எழுதி ஒதுக்கிவிடுகிறோம் என்று எண்ணுகிறேன். போரில் முறிந்த துண்டுகளே கட்டாரியாயின, வாளை யாரும் இரண்டாக வெட்டவில்லை என்ற மறுப்பு இதை அசைக்காது. முறிந்த வாளுக்கும் இரண்டு துண்டுகள்தானே!

நமக்கு எஞ்சிய சேகரிப்பே ஒருபுறம் சாய்ந்தது என்பதையும் மறக்கலாகாது. 1855இல் தஞ்சையின் மராத்திய மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறக்க, கிழக்கிந்தியக் கம்பெனி அரண்மனைச் சொத்தைக் கைப்பற்றியது. அவர் மனைவி ராணி காமாட்சி பாயி தொடுத்த வழக்கில், இது அரசின் செயல், நீதிமன்றம் இதில் தலையிட இயலாது என்று 1859இல் பிரிவி கவுன்சில் தீர்த்தது. அரண்மனை ஆயுதசாலையிலிருந்து சென்னை அருங்காட்சியகத்துக்கெனச் சில பொறுக்கப்பட்டன; மிகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோனது. சென்னை மாகாண அதிகாரியாக இருந்த வால்ஹவுஸ் 1878இல் 'இந்தியன் ஆண்டிக்வெரி' இதழில் இந்த ஆயுதசாலையைப் பற்றி எழுதினார். பொறுக்கியவர்கள் ஆங்கிலேயர்கள். ஐரோப்பியப் பெயர் பொறித்த அலகு அவர்கள் கண்ணில் முதலில் பட்டிருக்கும் என்று ஊகிப்பது மிகையாகாது. முத்திரையற்ற பாதிகள் உலைக்குப் போயிருக்கக்கூடும்.

கடல்வழியைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. 1620இல் ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்து டேனியர் தரங்கம்பாடியில் அமர்ந்தனர். 1658இல் நாகப்பட்டினம் டச்சுக்காரர் வசமானது. நாயக்கர் வீழ்ந்த மறு ஆண்டே, 1674இல், பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியிருப்பைத் தொடங்கினார். இரும்புச் சரக்கு வரும் வழிகள் 1673க்குப் பின் பெருகினவே அன்றிக் குறையவில்லை. அடுத்து வந்த மராத்தியர் ஆட்சிக்காலம் முழுவதும் ஐரோப்பிய அலகு கிடைத்தது என்றால், அலகை வைத்து நாயக்கரை மட்டும் எப்படிச் சுட்டுவது?

நல்ல உருக்கு இல்லாததால் அந்நிய அலகை நாடினார்கள் என்ற பழைய விளக்கத்தை இனி யாரும் தூக்கிப் பிடிக்க மாட்டார்கள் என நம்புகிறேன். சேலம் வட்டாரத்து மூசை உருக்கை ஆங்கிலேயரே வியந்து எழுதியிருக்கிறார்கள். கட்டாரி அலகுக்குப் பெரிய கட்டியும் வேண்டியதில்லை.

வட ஐரோப்பாவின் சாமி இன மக்களின் கத்தியை இங்கே ஒப்புநோக்கலாம். அதன் அலகு பெரும்பாலும் சுவீடனின் மோராவிலோ வேறு பட்டறையிலோ விலைக்கு வாங்கியது. ஆனாலும் கலைமான் கொம்பாலான பிடியையும் உறையையும், அவற்றில் செதுக்கிய கோலத்தையும் கொண்டே அது எந்த வட்டாரத்தது என்று தேர்ந்தவர்கள் சொல்கிறார்கள். தெற்கே வடிவக்கணித இழைகள். வடக்கே பூவும் கொடியும். அலகின் பிறப்பிடத்தைக் கேட்டு அதை மோராக் கத்தி என்று யாரும் பதிவதில்லை. தஞ்சைக் கட்டாரிக்கு மட்டும் ஏன் வேறு நீதி?

கனகசெட்டிக்குளத்திலிருந்து புதுச்சேரி நோக்கிப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பழைய மரச்சாமான்களோடு கட்டாரி விற்பனைக்கு வந்தால், வாங்குபவர் முதலில் தேடுவது முத்திரையைத்தான். விலையும் அதைப் பொறுத்தே ஏறுகிறது. முத்திரை பின்னால் கொட்டப்படுவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

பிடித்த கையை மறைக்கும் கைகாப்பு உள்ளவை நாயக்கருடையவை, காப்பற்றவை மராத்தியருடையவை என்ற பகுப்பையும் இதே கண்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது. அழகாகத் துளையிட்ட பழைய கைகாப்பைக் கழற்றாமல் அலகை மட்டும் மாற்ற, தறையாணியைத் தட்டி எடுத்தால் போதும். ஊடுகதிர்ப் படம் எடுத்தால் பற்றுத்தகட்டுக்கு அடியில் பயன்படாத பழைய துளைகள் இருக்கின்றனவா என்று தெரிந்துவிடும். சென்னையிலும் வெளிநாட்டு அருங்காட்சியகங்களிலும் உள்ள தஞ்சைக் கட்டாரிகளை இப்படிப் பார்க்கத் தொடங்கும்போது, முத்திரையுள்ளவற்றை விட்டுவிட்டு, 'உள்ளூர் அலகு' என்று எழுதி மூலையில் வைத்திருப்பவற்றை முதலில் எடுக்கலாம்.